‘ஆவன செய்யப்படும்’ என்று அமைச்சர் சொன்ன பிறகு ஊர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் கிராமம் எங்களுடையது. நாட்டுப்படகும் வல்லமுமாக நூற்றுக்கு மேல் நிற்கின்றன. படகு அணையும் இடத்தில் மணல் ஏறிவிட்டது. வத்தத்தில் (கடல் நீர் வடிந்திருக்கும் நேரத்தில்) வந்தால் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்துதான் கரையேற வேண்டும். மீன் இறங்குதளம் கேட்டுப் பல வருடங்களாக மனுக் கொடுக்கிறோம். போன கூட்டத்தொடரில் எங்கள் எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் பேசினார். அமைச்சரும் ‘ஆவன செய்யப்படும்’ என்றார். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறையும் பேசுவதாகச் சொல்கிறார். சட்டமன்றத்தில் ஒரு நாளில் எந்த நேரத்தில் இது வரும்? அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: போன முறை அவர் பேசியது எந்த அலுவலின் கீழ் என்று முதலில் அவர் அலுவலகத்தில் கேளுங்கள். கேள்வி நேரத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த மூல வினாவாகவா, அதன் விடைமேல் எழுந்து கேட்கும் துணைக் கேள்வியாகவா, துறைக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்திலா? ‘சட்டமன்றத்தில் பேசினார்’ என்று ஊரில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வரும் பதிலின் கனம் வேறு, அதை வைத்துக்கொண்டு அடுத்து நீங்கள் தட்ட வேண்டிய கதவும் வேறு.

புனித ஜார்ஜ் கோட்டையில் பேரவை கூடும் நாளில், தலைவர் ஒரு திருக்குறளை வாசித்துப் பொருள் சொல்வதோடு அவை தொடங்கும். இரங்கல் குறிப்பு இருந்தால் அடுத்து அது. பிறகு முதல் ஒரு மணி நேரம் வினா-விடை. அது முடிந்ததும், அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரம், கவன ஈர்ப்பு. துறை ஆண்டறிக்கைகள் போன்ற ஏடுகளைப் பேரவை முன் வைப்பார்கள். அதன்பின் அன்றைய பெரிய அலுவல். வரவு-செலவுத் திட்டக் கூட்டத்தொடரில் அது பெரும்பாலும் துறைவாரியான மானியக் கோரிக்கையாக இருக்கும். எந்தத் துறை எந்த நாளில் என்பதை அலுவல் ஆய்வுக் குழு முன்கூட்டியே முடிவு செய்யும், நாளிதழ்களிலும் வந்துவிடும்.

உங்கள் கோரிக்கைக்கு மிகச் சிறந்த இடம் கேள்வி நேரம்தான். அங்கே வினாவும் எழுத்தில் இருக்கிறது, விடையும் எழுத்தில் இருக்கிறது. உறுப்பினர் வினாவைப் பேரவைச் செயலகத்துக்குக் கொடுக்கிறார். அது துறைக்குப் போகிறது. துறை மாவட்டத்திலிருந்து அறிக்கை கேட்கிறது. அதை வைத்து அமைச்சருக்கு விடை தயாராகிறது. கோட்டையில் அமைச்சர் வாசிக்கும் விடையின் மூலம், உங்கள் பகுதி மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்திலிருந்து போன ஒரு பக்க அறிக்கையில் இருக்கும். அந்தப் பக்கத்தில் உங்கள் ஊர் சரியாக இல்லாவிட்டால் பேரவையில் யார் எவ்வளவு உரக்கப் பேசினாலும் பயனில்லை. ஆகவே வினாவுக்கு எவ்வளவு உழைப்புக் கொடுக்கிறீர்களோ அதே அளவு அந்த அலுவலகத்துக்கும் கொடுங்கள்.

வினாவை எப்படி எழுதுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வழக்கமாக எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்: ‘(அ) இன்ன கிராமத்தில் மீன் இறங்குதளம் அமைக்க அரசு முன்வருமா? (ஆ) ஆம் எனில், எப்போது?’ இதற்கு விடை ‘(அ) இல்லை. (ஆ) வினா எழவில்லை’ என்று முடிந்துவிடலாம். அல்லது ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்று வரலாம். இரண்டிலும் உங்கள் கையில் பிடிமானம் எதுவும் இல்லை. இதையே இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: ‘(அ) இராமநாதபுரம் மாவட்டம், திருவாடானை வட்டம், இன்ன கிராமத்தில் மீன் இறங்குதளம் அமைக்கக் கருத்துரு பெறப்பட்டுள்ளதா? (ஆ) ஆம் எனில், அது எந்த நிலையில் உள்ளது, மதிப்பீடு எவ்வளவு? (இ) இல்லை எனில், கள ஆய்வு செய்து கருத்துரு தயாரிக்க உத்தரவிடப்படுமா?’ கருத்துரு என்பது துறை எழுதும் திட்ட முன்மொழிவு. இதில் ‘இல்லை’ என்ற விடைகூட அடுத்த வாசலைத் திறக்கும். (இ)-க்கு அமைச்சர் ‘ஆய்வு செய்யப்படும்’ என்று சொன்னால், யாரோ ஒரு பொறியாளர் உங்கள் கடற்கரைக்கு வந்தே ஆகவேண்டிய நிலை உருவாகிறது.

நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு மட்டுமே அமைச்சர் எழுந்து வாய்மொழியாக விடை சொல்வார், அதன்மேல் துணைக் கேள்வி கேட்க முடியும். மற்றவற்றுக்கு எழுத்து விடை. ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் வினாக்கள்தான் எடுக்கப்படும். உங்கள் வினா வரிசையில் பின்னால் இருந்தால் அன்று வராமலே போகலாம். தொலைக்காட்சியில் ஊர்ப் பெயர் கேட்கவில்லை என்றால் உறுப்பினர் கேட்கவில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். மூல வினா கிடைக்காவிட்டாலும், வேறொரு கடலோரத் தொகுதி உறுப்பினரின் இறங்குதள வினா வரும் நாளில் உங்கள் உறுப்பினர் எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம். ஆனால் துணைக் கேள்விக்குத் துறையிடம் தயாரான குறிப்பு இருக்காது. அமைச்சர் அந்த நேரத்தில் தோன்றியதைச் சொல்வார். ‘ஆவன செய்யப்படும்’ பெரும்பாலும் பிறப்பது அங்கேதான். இன்னொன்று: உங்கள் தொகுதி உறுப்பினர் அமைச்சராகிவிட்டால் அவர் வினா கேட்க மாட்டார். அப்போது பக்கத்துத் தொகுதி உறுப்பினரை நாடுங்கள். எந்த ஊரைப் பற்றியும் எந்த உறுப்பினரும் கேட்கலாம்.

உறுப்பினரிடம் பத்துப் பக்க மனுவைக் கொடுக்காதீர்கள். ஒரே பக்கம் போதும், ஆனால் அதில் இருக்கும் ஒவ்வொன்றும் சரிபார்த்ததாக இருக்கட்டும். வருவாய்க் கணக்கில் கிராமத்தின் பெயர் என்ன, ஊராட்சி எது, ஒன்றியம் எது? நீங்கள் பேச்சு வழக்கில் சொல்லும் பட்டினம், பாடு, குடியிருப்பின் பெயர் கோப்பில் வேறாக இருக்கும். இறங்குதளம் கேட்கும் இடத்தின் புல எண், அது புறம்போக்கா, பட்டாவா, வனத்துறை நிலமா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்குங்கள். படகு எண்ணிக்கையைத் துறையில் பதிவான எண்ணிக்கையாகவே போடுங்கள். கரையில் எண்ணினால் நூற்று இருபது, பதிவேட்டில் எழுபது என்றால் துறை எழுபதைத்தான் எழுதும், உங்கள் குறிப்பின் மற்ற தகவல்களையும் சந்தேகப்படும். பதிவாகாத படகுகளை முதலில் பதிந்துவிடுவது நல்லது.

அதைவிட முக்கியமான வரி, பக்கத்து இறங்குதளம் எத்தனை கிலோமீட்டர் என்பது. ‘இன்ன இடத்தில் ஏற்கெனவே வசதி உள்ளதால் தேவை எழவில்லை’ என்ற விடை எளிதாக வரும். அதை முன்கூட்டியே மறியுங்கள்: அங்கே உங்கள் படகுகள் ஏன் போக முடியாது, கடல் வழி எவ்வளவு நேரம், அங்கே ஏற்கெனவே எத்தனை படகுகள் நெருக்கடியில் நிற்கின்றன, வத்தத்தில் உங்கள் கரையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது. ஆழத்தை ஊர்க்காரர்களே ஒரு கம்பில் அடிக் கணக்குக் குறித்து, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலைந்து நாள் அளந்து, தேதி நேரத்தோடு எழுதலாம். அருமையான சான்று அது. ‘மணல் ஏறிவிட்டது’ என்று பத்து முறை எழுதுவதை விட அந்த அட்டவணை வேலை செய்யும்.

எதைக் கேட்கிறீர்கள் என்பதிலும் தெளிவு வேண்டும். இறங்குதளம், ஏலக்கூடம், வலை பின்னும் கூடம் மீன்வளத் துறை. கடல் அரிப்புத் தடுப்புச் சுவர் என்று கேட்டால் நீர்வளத் துறை. கடற்கரைக்கு வரும் சாலை ஊராட்சி ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே வினாவில் போட்டால் ஒரு துறையும் முழுப் பொறுப்பு எடுக்காது. மன்னார் வளைகுடாப் பக்கத்து ஊர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: அங்கே 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா இருப்பதால் வனத்துறையின் கருத்தும் தேவைப்படலாம். வடகடலில் (பாக் விரிகுடாவில்) இருக்கும் உங்களுக்கு அது இல்லை என்றாலும், கடற்கரையை ஒட்டிக் கட்டுவதற்கான கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி இரண்டு பக்கமும் வேண்டும். ஒதுக்கீடு வந்தும் தொடங்காத பணிகள் பல நிற்பது இந்த இடத்தில்தான்.

அடுத்த வாய்ப்பு மானியக் கோரிக்கை நாள். மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறைக்குக் கோரிக்கை எண் 7. அன்று துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு உறுப்பினர்களுக்குக் கொடுக்கப்படும், அரசு இணையதளத்திலும் வரும். உறுப்பினர்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதில் முதல் பகுதி தலைமைக்கு நன்றி சொல்வதில் போய்விடுவது வழக்கம். தொகுதிக் கோரிக்கை வரும்போது பேரவைத் தலைவர் மணி அடித்துவிடுவார். உங்கள் உறுப்பினரிடம் தயங்காமல் சொல்லுங்கள்: ஊர்க் கோரிக்கையை முதல் இரண்டு நிமிடத்தில் வைக்க வேண்டும். கடைசியில் அமைச்சர் பதிலுரையில் புதிய அறிவிப்புகளை வரிசை எண் போட்டு வாசிப்பார். உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் வந்தால் மட்டுமே அதை அறிவிப்பு என்று சொல்லலாம். பதிலுரையின்போது போகிற போக்கில் ‘உறுப்பினர் கேட்டதும் கவனிக்கப்படும்’ என்பது அறிவிப்பு இல்லை. பட்டியல் அன்று காலை தயாராவதில்லை, அதற்குப் பல வாரம் முன்பே மீன்வள ஆணையரகத்திலிருந்து கருத்துருக்கள் போய்விடும். எனவே பொங்கல் கழிந்ததுமே உங்கள் குறிப்பு உதவி இயக்குநர் மேசைக்குப் போயிருக்க வேண்டும்.

பேரவை விதி 110-ன் கீழ் முதலமைச்சர் வாசிக்கும் அறிக்கை தனி வகை. அதன்மேல் விவாதம் கிடையாது. 2025 ஏப்ரலில் இராமநாதபுரம் மாவட்ட மீனவர்களுக்கான திட்டங்கள் அப்படித்தான் வந்தன. தங்கச்சிமடம், பாம்பன், குந்துகால் ஆகிய இடங்களுக்கான துறைமுகப் பணிகள் அவற்றில் இருந்தன. அதே மாதம் 2-ம் தேதி கச்சத்தீவை மீட்கக் கோரிய தனித் தீர்மானமும் நிறைவேறியது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். தீர்மானம் ஒன்றிய அரசுக்குப் பேரவை வைக்கும் வேண்டுகோள். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருந்தாலும், மாநிலக் கடல் எல்லையைத் தாண்டிய மீன்பிடிப்பும் அயல்நாட்டு உறவும் ஒன்றிய அரசிடம். இலங்கையிடம் படகு பிடிபட்ட விவகாரத்தையும் இறங்குதளத்தையும் ஒரே மனுவில் சேர்க்காமல் இருப்பது இதனால்தான் நல்லது.

இனி உங்கள் ‘ஆவன செய்யப்படும்’. அது வீண்போன வார்த்தை இல்லை. பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அமைச்சர்கள் அவையில் தரும் வாக்குறுதிகளைத் தொகுத்து, நிறைவேறியதா என்று துறைகளிடம் கேட்பது அதன் வேலை. மாவட்டங்களுக்கு வந்து ஆட்சியர் முன்னிலையில் ஆய்வும் செய்யும். நீங்கள் செய்ய வேண்டியது, அன்றைய பேரவை நடவடிக்கைக் குறிப்பில் அந்தப் பகுதியை உறுப்பினர் மூலம் எடுப்பது. தேதி, வினா எண், அமைச்சர் சொன்ன சரியான சொற்கள் மூன்றும் வேண்டும். நாளிதழ்த் துணுக்கு போதாது. அதில் சொற்கள் சுருங்கியிருக்கும். கேள்வி நேரம் 2022 முதல் நேரலையாக வருவதால் காணொளியும் தேடிப் பார்க்கலாம். அந்தச் சொற்களோடு, இது உறுதிமொழியாக எடுக்கப்பட்டதா, எடுக்கப்பட்டால் வரிசை எண் என்ன என்று கேட்டு உறுப்பினர் பேரவைச் செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதட்டும். எடுக்கப்பட்டிருந்தால் துறை அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

உறுப்பினரை நம்பாமல் ஊரே நேராகப் போகக்கூடிய வழி மனுக்கள் குழு. குழு மாவட்டத்துக்கு வருமுன் ஆட்சியர் அலுவலகம் செய்திக்குறிப்பு வெளியிடும். மனு தமிழில், ஐந்து நகல்களில், ஒரே துறையைச் சேர்ந்த ஒரே பிரச்சினையாக இருக்க வேண்டும் என்று அதில் கேட்பது வழக்கம். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினைக்கே அங்கே இடம். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம், தனிநபர் குறை, பட்டா, ஓய்வூதியம், வங்கிக் கடன் என்றால் எடுக்க மாட்டார்கள். உங்கள் பழைய மனுக்களின் நகலும் துறை அனுப்பிய பதில்களும் ‘பல ஆண்டு’ என்பதற்குச் சாட்சி, அவற்றைத் தேதி வரிசையில் இணையுங்கள். கையெழுத்து ஐந்நூறு வேண்டும் என்றில்லை, கிராம சபைத் தீர்மான நகல் ஒன்று அதைவிட வலுவானது.

நாளை அறிவிப்பே வந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. மதிப்பீடு போட்டு, நிதித் துறை இசைந்து, நிர்வாக அனுமதிக்கான அரசாணை வர வேண்டும். பிறகு தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. ஆறு மாதம் கழித்தும் சத்தம் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மீன்வள ஆணையரகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் பதில் வராது, காரணம் கேட்பது தகவல் கேட்பதாகாது என்று திருப்பிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: இன்ன தேதி பேரவை அறிவிப்பின்மேல் அனுப்பப்பட்ட கருத்துருவின் நகல், மதிப்பீட்டின் நகல், அரசாணை எண்ணும் தேதியும், கோப்பு இப்போது எந்தப் பிரிவில் உள்ளது என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கம். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கிடைத்த தாள்களை அப்படியே உறுப்பினரிடம் கொடுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கான வினாவின் (அ) பகுதியை அந்தக் கோப்பு எண்ணிலிருந்தே தொடங்கலாம்.