இரவுப் படத்துக்கு ஏழு மணியே நேரம்

வணக்கம். சிங்கப்பூர் ஜூபிலி பாலத்தின் நடுவில் டிரைபாட் வைத்து, இரவு ஒன்பதரைக்கு மரினா பேயைப் படமெடுத்தேன். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் கால் விநாடி. கட்டட விளிம்புகள் இரட்டையாகத் தெரிகின்றன, ஜன்னல்கள் வெள்ளைத் திட்டுகளாகிவிட்டன, வானம் அழுக்கு ஆரஞ்சு. விலை கூடிய லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?
ர., ஈசூன்

அன்புள்ள ர.,

லென்ஸ் வாங்காதீர்கள். நேரத்தையும் நிற்கும் இடத்தையும் மாற்றுங்கள்.

ஒன்பதரைக்கு வானத்துக்கும் ஜன்னலுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் மிக அதிகம். சூரியன் மறைந்து 10 முதல் 25 நிமிடத்துக்குள் வானம் நீலமாக இருக்கும், விளக்குகளும் எரியும். இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். லண்டனில் ஜூன் மாதம் முக்கால் மணி நேரம் நீள்வது, நமக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான். ஆகவே ஆறரைக்கே போய்விடுங்கள். எம்ஆர்டி ரயிலின் குளிரிலிருந்து வந்த கேமராவை உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் ஈரம் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே காட்சியை அமைத்து, திரையைப் பெரிதாக்கிக் கட்டட விளிம்பில் ஃபோகஸ் செய்து, அது மாறாதபடி மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள்.

இரட்டை விளிம்புக்குக் காரணம் பாலம். ஆட்கள் நடக்கும்போது அது அதிரும், டிரைபாடும் சேர்ந்து அதிரும். மெர்லயன் பூங்காவிலோ எஸ்பிளனேட் முன்புறத்திலோ தரையில் நில்லுங்கள். அங்கே ஐஎஸ்ஓ 3200 எதற்கு? உங்கள் கால் விநாடி, ஐஎஸ்ஓ 100இல் 8 விநாடி; வெளிச்சம் அதேதான், படத்தைச் சொரசொரப்பாக்கும் நாய்ஸ் புள்ளிகள் மட்டும் குறையும். அந்தியில் 1 விநாடியில் தொடங்கி, இருட்ட இருட்டக் கூட்டிக்கொண்டே போங்கள். பாலம்தான் வேண்டுமென்றால் எஃப்/5.6, ஐஎஸ்ஓ 400, 1 விநாடி. ஆள் நடமாட்டம் ஓயும் நொடி பார்த்துப் பத்துப் படம் எடுத்தால் ஒன்றிரண்டு தேறும்.

டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், 2 விநாடி டைமர் வையுங்கள், லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணையுங்கள்: அந்தப் புள்ளிகளை நீக்க, 8 விநாடிப் படத்துக்குப் பின் இன்னொரு 8 விநாடி அது விழுங்கும், இந்தக் குறுகிய அந்தியில் அது பெரிய இழப்பு.

ஆரஞ்சு நிறம், நகர விளக்கொளி மேகத்தில் பட்டுத் திரும்புவது. ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுத்து, நிறச் சாயலைத் திருத்தும் வெள்ளைச் சமநிலையை 3500 முதல் 4000 கெல்வினுக்குள் வைத்துப் பாருங்கள். ஜன்னல்கள் அப்போதும் வெளுத்தால் இரண்டு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைக் கால் பங்காக) குறைத்து இன்னொரு படம் எடுத்து, கணினியில் இணையுங்கள். லென்ஸ் முன்னால் யுவி ஃபில்டர் (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி) இருந்தால் கழற்றிவிடுங்கள். பிரகாசமான விளக்குகளின் தலைகீழ்ப் பிம்பம் வானத்தில் பச்சைப் புள்ளிகளாக விழுவது பெரும்பாலும் அதனால்தான்.