ஹீரோவுக்கு வலிக்குதா, இல்லையா?

தாராவி வாசகர்: ஒரு படத்துல ஹீரோ அம்பது பேரைப் பொளந்தாலும் விசில் அடிக்கிறோம், இன்னொரு படத்துல அஞ்சு பேரை அடிச்சாலே சிரிப்பு வருதே, ஏன் சார்?

எண்ணிக்கைல ஒண்ணுமில்லீங்க, அவனுக்கு வலிக்குதான்னு பாருங்க. போன வருஷம் எங்க வீட்டு பாத்ரூம் கதவு திறக்க மாட்டேன்னு அடம் பிடிக்க, கோவத்துல ஒரு குத்து விட்டேன், கதவுக்கு ஒண்ணும் ஆகல, எனக்குத்தான் சுண்டுவிரலுக்குக் கீழ எலும்பு விரிசல் விட்டு மூணு வாரம் கட்டிங் சாயை இடது கைல பிடிச்சுக் குடிச்சேன். இதுக்குப் பேரே 'பாக்ஸர் ஃபிராக்சர்'னு டாக்டர் சிரிச்சார், ஆனா குத்தத் தெரியாம குத்துறவனுக்குத்தான் அதிகமா வருமாம்! அதுலேர்ந்து இருபது தாடையைப் பேத்துட்டு அடுத்த சீன்ல அதே கையால ஹீரோயினுக்குப் பூ வச்சு விடுற ஹீரோவைப் பார்த்தா எனக்கு என் விரல்தான் ஞாபகம் வருது.

1988ல வந்த 'டை ஹார்ட்'ங்கிற ஹாலிவுட் படம் பாருங்க. ஹீரோ ஷூவைக் கழட்டி வச்ச நேரமாப் பார்த்து வில்லன் கும்பல் பில்டிங்குக்குள்ள பூந்துடும், அப்புறம் வெறுங்கால்தான். அதைக் கவனிச்ச வில்லன் கண்ணாடியைச் சுடச் சொல்றான், அடுத்து ஹீரோ பாத்ரூம்ல உக்காந்து கால்லேர்ந்து சில்லைப் பிடுங்கிக்கிட்டே வாக்கிடாக்கில பேசுறார். இதுக்கப்புறம் தீயணைப்புக் குழாயை இடுப்புல கட்டிக்கிட்டு மாடிலேர்ந்து குதிக்கிறது சுத்தப் புருடா, ஆனா அந்த ரத்தத்தைப் பார்த்தவன் எவனும் கேள்வி கேக்க மாட்டான். நம்ம மசாலா ஹீரோ முதல் சீன்லயே பறந்தாலும் எனக்கு ஓகேதான். ஒன்றரை மணி நேரம் சாதா மனுஷனா இருந்துட்டு க்ளைமாக்ஸ்ல மட்டும் றெக்கை முளைச்சாத்தான் கடுப்பு.

செம்பூர் வாசகி: துப்பாக்கில சைலன்சர் மாட்டினா 'புஸ்'னுதான் சத்தம் வருமா?

இல்லம்மா. துப்பாக்கிச் சத்தம் 150 டெசிபல் பக்கம் வரும், சைலன்சர் அதுல 20, 30 குறைக்கும், மிச்சமே பக்கத்து ஃப்ளாட்டை எழுப்பிடும். இதைக்கூட மன்னிச்சுடுவேன், ஆறு குண்டு ரிவால்வர்ல பதினஞ்சு தடவை சுடுறதைத்தான் தாங்க முடியல, ஐயோ குண்டு தீரப்போகுதேங்கிற பயமே நமக்கு இல்லாமப் போயிடுது.

முலுண்ட் வாசகர்: மும்பைல எடுக்குற சேஸிங் மட்டும் நமக்கு ஒட்டவே மாட்டேங்குதே?

எப்படி ஒட்டும், சிஎஸ்எம்டி ஸ்டேஷன்ல லோக்கல் ட்ரெயின் ஏறின வில்லன் அடுத்த ஷாட்ல சர்ச்கேட் ஸ்டேஷன்ல இறங்குறான், ரெண்டும் வேற வேற லைன்! மாட்டுங்கால ஒரு தியேட்டர்ல இப்படி வந்தப்ப பின் சீட்டுப் பெரியவர் "யோவ், தாதர்ல மாறணும்யா"ன்னு கத்தினார், அன்னைக்குச் சண்டைக்கு விழாத கைதட்டல் அவருக்கு விழுந்துச்சு. லோக்கல் ஒரு ஸ்டேஷன்ல அரை நிமிஷம் நின்னாலே பெருசு, பீக் அவர்ல துரத்துறவன் உள்ள ஏற முடியுமாங்கிறதே சஸ்பென்ஸ்தான். பிளாட்ஃபாரம் எந்தப் பக்கம் வரும்னு தெரியாத வில்லன் எதிர்க் கதவுல நசுங்கிக்கிட்டே குர்லா தாண்டிப் போயிட்டான்னா ஒரு குண்டுகூடச் செலவில்லாம ஹீரோ ஜெயிச்சிரலாம், இதை ஏன் எவனும் எடுக்க மாட்டேங்கிறான்?

சயான் கோலிவாடா வாசகர்: ஷார்ட் ஃபிலிம் எடுக்கறேன், கைல காசில்ல. த்ரில்லர் சரிப்பட்டு வருமா?

த்ரில்லுக்குக் காசு எதுக்கு? த்ரில்லர் பட டைரக்டர் ஹிட்ச்காக் சொன்ன கணக்கு இருக்கே, மேஜைக்கடியில பாம் இருக்குறது நமக்குத் தெரியாம வெடிச்சா பதினஞ்சு செகண்ட் அதிர்ச்சி, பேசிட்டிருக்கிறவங்களுக்குத் தெரியாம நமக்கு மட்டும் தெரிஞ்சா பதினஞ்சு நிமிஷம் பதட்டம். பாம்கூட வேணாம். சால்னு சொல்ற நம்ம வரிசை வீட்டுக் குடியிருப்புல குழாயடிக்குப் பின்னாடி ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான், ஆறு மணிக்குத் தண்ணி வரும், குடத்தோட அம்பது பேர் வருவாங்க. இப்போ மணி அஞ்சு அம்பது, கேமராவை ஆன் பண்ணுங்க.