தரவுத்தள வடிவமைப்பு கேள்வி-பதில்: உள்வகைகளும் மாறும் எண்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மேல்வகை ('நபர்' போன்றது), அதன் கீழ்ப் பிரியும் உள்வகை ('மாணவர்', 'ஆசிரியர்' போன்றவை) பற்றியவை. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் பாடப்பணி ஒப்படைக்கும் நாள் நெருங்குகிறது என்று ஊகிக்கிறேன்.

கேள்வி: உருபொருள்-உறவு வரைபடத்தில் மேல்வகையையும் உள்வகைகளையும் இணைக்கும் வட்டத்துக்குள் 'டி' (d) என்று எழுதினால், மேல்வகையிலிருந்து வட்டத்துக்கு இரட்டைக் கோடும் கட்டாயம் போட வேண்டுமா? (மாணவி, ஈசூன்)

பதில்: வேண்டியதில்லை, இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள். ஒருவரே இரண்டு உள்வகைகளிலும் இருக்க முடியுமா என்பதற்கு 'டி' (முடியாது) அல்லது 'ஓ' (o, முடியும்). எந்த உள்வகையிலும் சேராத ஒருவர் மேல்வகையில் இருக்க முடியுமா என்பதற்கு ஒற்றைக் கோடு (முடியும்) அல்லது இரட்டைக் கோடு (முடியாது). நான்கு சேர்க்கைகளும் நடைமுறையில் உண்டு.

கேள்வி: துணைப்பாட நிலையம் ஒன்றுக்காக 'நபர்' என்பதன் கீழ் மாணவர், ஆசிரியர் என்று பிரித்து, 'டி'யும் இரட்டைக் கோடும் இட்டேன். சரிதானே? (உட்லண்ட்ஸ்)

பதில்: சரியில்லை. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பத்தியிலேயே, அங்கு படிக்கும் தொடக்கக்கல்லூரி மாணவர் ஒருவர் சனிக்கிழமைகளில் உயர்நிலை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் இரண்டிலும் இருக்கிறார், ஆகவே 'ஓ'. கட்டணம் செலுத்தும் பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் 'நபர்' அட்டவணையில் வைத்திருக்கிறீர்கள்; அவர்கள் இரண்டிலும் இல்லை; ஆகவே ஒற்றைக் கோடு. இரண்டிலும் இருக்க முடியுமா, எதிலும் இல்லாமல் இருக்க முடியுமா என்ற இரு வினாக்களையும் நிலையத்தை நடத்துபவரிடம் கேட்டுவிட்டுப் பென்சிலை எடுங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஏறத்தாழ 300 ஊழியர்கள். 'ஊழியர்' என்பதன் உள்வகைகளாகக் குடிமக்கள், நிரந்தரவாசிகள், வெளிநாட்டினர் என மூன்றும், முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பாக) அடையாள அட்டை எண் அல்லது வெளிநாட்டினர் அடையாள எண்ணும் வைத்துள்ளேன். 'டி', இரட்டைக் கோடு இரண்டும் பொருந்துகின்றன. குறை ஏதும் உண்டா? (மனிதவளப் பிரிவு, ஜூரோங் வெஸ்ட்)

பதில்: இன்றைய நாளுக்கு மட்டும் பார்த்தால் குறியீடுகள் சரி. ஆனால் நான் எப்போதும் வலியுறுத்தும் மூன்றாவது வினாவை நீங்கள் கேட்கவில்லை: இன்று இந்த உள்வகையில் இருப்பவர் நாளை வேறொன்றுக்குப் போவாரா? போவார். வேலைக்காக வந்த வெளிநாட்டினர் ஒருவர் சில ஆண்டுகளில் நிரந்தரவாசி ஆகலாம், பிறகு குடிமகன் ஆகலாம். சிங்கப்பூரில் நிரந்தரவாசியின் நீல அட்டை குடிமகனுக்குரிய இளஞ்சிவப்பாகும்போது எண் மாறுவதில்லை. ஆனால் வெளிநாட்டினர் நிரந்தரவாசியாகும்போது 'எஃப்', 'ஜி' அல்லது 2022 ஜனவரியிலிருந்து வழங்கப்படும் 'எம்' எழுத்தில் தொடங்கும் பழைய எண் போய், 'எஸ்' (S) அல்லது 'டி'யில் (T) தொடங்கும் புதிய எண் வருகிறது. ஆள் அதே ஆள், மேசை அதே மேசை. உங்கள் முதன்மைச் சாவி மட்டும் செத்துப்போகிறது.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஓர் இடத்தில், நிரந்தரவாசத் தகுதி கிடைத்த தொழில்நுட்பர் ஒருவரின் எண்ணை மாற்ற வழியில்லாததால், அவர் வேலையை விட்டு விலகி மறுநாள் புதிதாகச் சேர்ந்ததாகப் பதிவு செய்தார்கள். ஆறாம் ஆண்டில் 12 நாள் விடுப்புக்கு உரியவர், முதலாண்டு ஊழியராக 7 நாளுக்கு இறங்கினார். கணினி ஒப்புக்கொள்ளவில்லை என்று அவருக்கு விளக்கம் சொன்னார்கள். சாவியைத் தேர்ந்தெடுத்தது கணினியன்று.

செய்ய வேண்டியது இதுதான். தன்னளவில் எந்தத் தகவலையும் சுமக்காத ஓர் ஊழியர் எண்ணை முதன்மைச் சாவியாக்குங்கள். அடையாள எண்ணைத் தொடக்க நாள், முடிவு நாளுடன் தனி அட்டவணையில் வையுங்கள். குடியுரிமைத் தகுதியை உள்வகையாக வரையாமல், அதையும் நாள் குறித்த பதிவாக வையுங்கள். ஏனெனில் வெளிநாட்டினருக்கு மத்திய சேமநிதிச் சந்தா இல்லை, நிரந்தரவாசிக்கு முதல் இரண்டு ஆண்டுகள் குறைந்த விகிதம், மூன்றாம் ஆண்டிலிருந்து முழு விகிதம் என்பதால், தகுதி எந்த நாளில் மாறியது என்பது தெரியாமல் சம்பளக் கணக்கே நடக்காது. வேலை அனுமதியும் புதுப்பிக்கப்படும் ஒன்றாதலால் தனி உருபொருளாக (தனக்கென ஓர் அட்டவணை உள்ள ஒன்றாக) ஊழியரோடு ஒன்றுக்குப் பல (ஓர் ஊழியருக்குப் பல அனுமதிகள்) என்ற உறவில் நிற்கட்டும்.

இன்னொன்று. 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்பு வழிகாட்டிகளின்படி, சட்டம் கோரும்போதோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியபோதோ அல்லாமல் நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைத் திரட்டலாகாது. முதலாளி என்ற முறையில் அதை வைத்திருக்க உங்களுக்குக் காரணம் உண்டு. ஆனால் முதன்மைச் சாவி என்பது அயல் சாவியாக (வேறோர் அட்டவணையின் வரிசையைச் சுட்டும் மதிப்பாக) விடுப்பு, மருத்துவக் கோரிக்கை, வருகைப்பதிவு என்று எல்லா அட்டவணைகளிலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் பூட்டி வைக்க வேண்டியதை ஏன் இருபது இடங்களில் சிதறவிட வேண்டும்?

கேள்வி: உருபொருள்-உறவு வரைபடத்தை அறிமுகப்படுத்திய பீட்டர் சென்தான் உள்வகைகளையும் கொண்டுவந்தாரா? (மாணவர், தெம்பனிஸ்)

பதில்: இல்லை. 1976-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் உருபொருள், உறவு, பண்பு ஆகியவையே அடிப்படை. பொதுமையாக்கத்தை, அதாவது உள்வகைகளை ஒரு மேல்வகையின் கீழ்க் கொண்டுவருவதை, தரவுத்தளத் துறையில் நிலைநிறுத்தியது ஸ்மித் இணையரின் 1977-ஆம் ஆண்டுக் கட்டுரை.

கேள்வி: 40 அட்டவணைகள் கொண்ட படத்தை இணைத்துள்ளேன். சரிபார்த்து அனுப்பவும். அவசரம். (பெயரும் ஊரும் இல்லை)

பதில்: எந்தத் தொழிலுக்கான தரவு என்று ஒரு வரிகூட இல்லை, படத்தில் பாதி மங்கலாக இருக்கிறது. கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன்: 'ஆண் வாடிக்கையாளர்', 'பெண் வாடிக்கையாளர்' என்ற இரு உள்வகைகளுக்கும் சொந்தப் பண்பும் இல்லை, சொந்த உறவும் இல்லை. இதற்கு ஒரு பண்பு போதும்.

கேள்வி: தேக்காவில் மொத்த விற்பனைக் கடை நடத்துகிறோம். பற்றுச்சீட்டு தனிநபர் பெயரிலும் போகிறது, நிறுவனத்தின் பெயரிலும் போகிறது. இரண்டுக்கும் பொதுவான மேல்வகையை எப்படி அமைப்பது?

பதில்: பொதுவான மேல்வகையைத் தேடி அலைய வேண்டாம். தனிநபரும் நிறுவனமும் ஒரே இனத்தின் கிளைகள் அல்லர். உங்களிடம் கணக்கு வைத்திருப்பதால் மட்டுமே இணைகிறார்கள். இதற்கென்றே உள்ளது ஒன்றிய வகை: 'கணக்காளி' என்ற வகையை வரைந்து, வட்டத்துக்குள் 'யு' (U) இட்டு இரண்டையும் மேலே இணையுங்கள். ஒவ்வொரு கணக்காளியும் இரண்டில் ஏதேனும் ஒன்றாக மட்டுமே இருப்பார். நிறுவனத்துக்கு 2009 முதல் தனித்த நிறுவன எண் உண்டு. தனிநபருக்கு அது இல்லை. சாவிகள் வேறுபடுவதால் கணக்காளிக்கு உங்கள் கடையே ஓர் எண் கொடுத்து, அதை இரு அட்டவணைகளிலும் அயல் சாவியாக வையுங்கள். தனிநபரின் அடையாள அட்டை எண்ணைத் தயவுசெய்து கேட்காதீர்கள். மிளகாய் மூட்டை விற்க அது தேவையில்லை.

கேள்வி: மேல்வகை அட்டவணையை விட்டுவிட்டு உள்வகை அட்டவணைகளை மட்டும் வைக்கலாமா? போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் மரபுரிமை வசதி (மேல் அட்டவணையின் நெடுவரிசைகளைக் கீழ் அட்டவணைகள் பெறுவது) இருப்பதால் கவலையில்லை என்கிறார் நண்பர். (நிரலாளர், செங்காங்)

பதில்: 'டி'யும் இரட்டைக் கோடும் சேர்ந்து இருந்தால் மட்டும் வைக்கலாம். ஒற்றைக் கோடாயின் எதிலும் சேராதவர் காணாமற்போவார். 'ஓ'வாயின் ஒருவரின் முகவரி இரண்டு இடங்களில் இருந்து, ஒன்று மட்டும் திருத்தப்படும். நண்பர் சொல்லும் வசதியில், மேல் அட்டவணையின் முதன்மைச் சாவி கீழ் அட்டவணைகளுக்கு இறங்குவதில்லை. ஒரே எண் இரண்டு கீழ் அட்டவணைகளிலும் தடையின்றி நுழையும். மேல் அட்டவணையைச் சுட்டும் அயல் சாவியும் கீழ் அட்டவணைகளில் உள்ள வரிசைகளைக் கண்டுகொள்ளாது. இரண்டு கீழ் அட்டவணைகளில் ஒரே எண்ணை நுழைத்துக் காட்டச் சொல்லி நண்பரிடமே கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.