பதில்: அம்மாவின் குதிகால் வெடிப்பு

தங்கச்சி, மார்கழி பிறந்தால் அம்மாவுக்குக் குதிகால் வெடிக்கிறது, முழங்காலுக்குக் கீழே வெள்ளை பூத்து அரிக்கிறது, தேங்காய் எண்ணெய்க்கும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நுவரெலியாக் குளிருக்கு எல்லாரும் கொதிக்கக் கொதிக்கத்தான் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறோம். தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசை அதிலேயே போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் குளியல் முடியட்டும். உடுப்புத் துவைக்கிற சவர்க்காரத்தைக் காலுக்குப் போடவே வேண்டாம்.

எண்ணெய் கேட்காததற்குக் காரணம், பெரும்பாலும் பூசுகிற நேரம். துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுக்கக் காயுமுன் பூச வேண்டும். அந்த ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அதிலும் நம் பக்கம் போத்தலுக்குள்ளேயே எண்ணெய் கட்டியாகிவிடும் (24 பாகைக்குக் கீழே அப்படித்தான்). குதிகாலுக்கு வசிலினே மேல். ராத்திரி தடிப்பாகத் தடவி, பழைய பருத்தி மேஸ் (காலுறை) போட்டுப் படுக்கச் சொல்லுங்கள். தோல் தடித்திருந்தால் பார்மசியில் யூரியா கிரீம் கேட்கலாம், ஆனால் திறந்த வெடிப்பில் எரியும். பிளேடால் சீவ விடாதீர்கள்.

கொழுந்து மலையிலிருந்து நனைந்த காலோடு வந்தால் விரலிடுக்கையும் துடைக்க வேண்டும். அப்புறம், சீனி வருத்தம் (நீரிழிவு) இருந்தாலோ, வெடிப்பில் ரத்தமோ சீழோ கண்டாலோ, இதையெல்லாம் விட்டுவிட்டு உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.