உப்பு குறையவில்லை, சோப்பும் நுரைக்கவில்லை

கேள்வி: எங்கள் வாட்டர் சாஃப்ட்னரின் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) உப்புத் தொட்டி நிறைந்தே இருக்கிறது, பல வாரங்களாக உப்பின் மட்டம் இறங்கவில்லை. ஆனால் சோப்பு நுரைப்பதில்லை, குழாய் முனைகளில் வெள்ளைப் படிவும் மீண்டும் தோன்றிவிட்டது. கருவியையே மாற்றிவிட வேண்டுமா?

பதில்: மாற்றும் முடிவைத் தள்ளிவையுங்கள். உப்பு மட்டம் இறங்கவில்லை என்று நீங்கள் கவனித்ததே நோயின் முக்கியமான அறிகுறி. கருவிக்குள் இருக்கும் ரெசின் மணிகள் கடின நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. பிடிக்க இடமின்றி அவை நிறைந்துவிடும்போது, அடர்ந்த உப்புக் கரைசல் அவற்றின் வழியே ஓடிப் புதுப்பிக்க வேண்டும். உப்பு செலவாகவில்லை என்றால், அந்தப் புதுப்பித்தல் நடக்கவில்லை, அல்லது வெறும் தண்ணீரால் நடக்கிறது.

மின்சாரம் வருகிறதா, புதுப்பித்தலைத் தொடங்கிவைக்கும் கருவியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அவை சரியென்றால், பெரும்பாலும் உப்பு மேலே இறுகிப் பாலம்போல் நின்று, அடியில் வெற்றிடம் விட்டிருக்கும். தண்ணீர் அந்த வெற்றிடத்திலேயே நிற்பதால் உப்பைத் தொடுவதில்லை. மழுங்கிய முனையுள்ள மரக்கம்பை மெதுவாக உள்ளே இறக்குங்கள். பாதி வழியில் அது தட்டி நின்றால் சந்தேகமே வேண்டாம். பல இடங்களில் சிறிது சிறிதாகத் தட்டி உடையுங்கள். இரும்புக் கடப்பாரை வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டியும், உள்ளே நிற்கும் வால்வுக் குழாயும் விரிசல் விட்டால் செலவு பன்மடங்காகும்.

கம்பு அடிவரை இறங்கியும் சேறுபோன்ற உப்பில் புதைந்தால், தூள் உப்பு அடியில் கூழாகிப் படிந்திருக்கிறது. அதற்குக் குறுக்குவழி கிடையாது. கருவியைப் பைபாஸில் (தண்ணீர் கருவிக்குள் போகாமல் நேராக வீட்டுக்குச் செல்லும் நிலை) வைத்து, உப்பையும் கரைசலையும் அள்ளி வெளியேற்றி, தொட்டியையும் அடித்தட்டையும் கழுவ வேண்டும். மிதவை தடையின்றி ஏறி இறங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

தண்ணீர் வழக்கத்தைவிட உயர்ந்து நின்றால், கோளாறு உறிஞ்சும் பக்கத்தில் இருக்கலாம்: உப்புக் கரைசலை உறிஞ்சி இழுக்கும் சிறு பாகமான இன்ஜெக்டரின் நுண்துளையில் அழுக்கு, மடங்கிய கழிவுக் குழாய், அல்லது கரைசல் குழாயின் இணைப்பில் காற்றுக் கசிவு. நீர் அழுத்தத்தை விடுவித்த பிறகே இன்ஜெக்டரைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் மென்மையான தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். ஊசியால் குத்தினால் துளையின் அளவு மாறி, உறிஞ்சும் திறனே கெட்டுவிடும்.

மீண்டும் நிரப்பும்போது தூளையும் அயோடின் கலந்த சமையல் உப்பையும் தவிர்த்து, சாஃப்ட்னருக்கென்றே விற்கும் உருண்டை உப்பை மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு மட்டும் இடுங்கள்; விளிம்புவரை குவிப்பதுதான் பாலம் உருவாக இடம் தருகிறது. ஒரு லிட்டர் நீர் சுமார் 360 கிராம் உப்பைக் கரைக்கக்கூடியது என்றாலும், அது உடனே நடந்துவிடாது. ஆகவே கையேட்டில் சொன்ன அளவு தண்ணீர் விட்டுச் சில மணிநேரம் காத்திருந்து, பிறகு புதுப்பிக்கும் சுழற்சியைக் கையால் ஒருமுறை இயக்குங்கள். முழுச் சுழற்சி முடிந்தபின் கடினத்தன்மையைச் சோதனைத் தாளில் பாருங்கள். அப்போதும் குறையாவிட்டால் மட்டுமே ரெசினைச் சந்தேகிக்கலாம்.