மலையகத்தில் சுயாதீனப் படம்: கேள்வி பதில்

கேள்வி (ஹட்டன்): தயாரிப்பாளர் கிடைக்கும்வரை காத்திருப்பதா, கையில் உள்ளதைக் கொண்டு தொடங்குவதா?

பதில்: தொடங்குங்கள். ஆனால் திரைக்கதையில் எத்தனை இடங்கள், எத்தனை இரவுக் காட்சிகள், எத்தனை முகங்கள் என்று எண்ணி, இரவல் கேட்டும் கிடைக்காதவற்றை அடித்துவிட்டு, அதன்பிறகும் கதை நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். வங்காள இயக்குநர் சத்யஜித் ராய் 1952இல் தொடங்கிய முதற்படம் 1955இல்தான் வெளியானது. இடையில் மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. நகையைத் தொடும்படி யாருக்கும் சொல்லமாட்டேன். மூன்று வருடம் பொறுக்கும் மனம் இருக்கிறதா என்றே கேட்கிறேன்.

கேள்வி (தலவாக்கலை): எந்த மாதத்தில் படப்பிடிப்பை வைக்கலாம்?

பதில்: உங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது, மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் செப்டெம்பர் வரை நம்பி நாள் குறிக்க முடியாது. மழையைவிட நான் அஞ்சுவது கவ்வாத்தை, அதாவது தேயிலைச் செடிகளைக் கிளையோடு வெட்டிவிடுவதை. நாயகி கொழுந்து பறிக்கும் மலையில் பாதிக் காட்சியை எடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துப் போனால், பச்சையெல்லாம் போய் வெட்டிய கிளைகள் மட்டும் நிற்கலாம். ராய்க்கும் இதுதான் நடந்தது: பாதி எடுத்த நாணற்பூ வெளியை ஒரே வாரத்தில் மாடுகள் மேய்ந்துவிட, அடுத்த பூக்காலம்வரை காத்திருந்தார். ஆகவே அனுமதிக் கடிதத்தோடு தோட்ட அலுவலகத்துக்குப் போகும் அன்றே, எந்த மலை எப்போது கவ்வாத்துக்கு வருகிறது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (நுவரெலியா): ட்ரோன் பறக்கவிட அனுமதி தேவையா?

பதில்: தேவை, சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடம் பெறவேண்டும். முதற்படத்துக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பது என் எண்ணம்.

கேள்வி (பண்டாரவளை): நடிக்கச் சம்மதித்த தோட்டத்து அக்காமார் காசு வேண்டாம் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. பறித்த கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான். அந்த நாட்சம்பளத்தையும் பகற்சாப்பாட்டையும் செலவுக் கணக்கின் முதல் வரியில் எழுதுங்கள். கமெரா வாடகை அதற்குக் கீழே வரட்டும்.

கேள்வி (பதுளை): ஒலியைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: நானும் அப்படித்தான் நம்பினேன். என் முதற் குறும்படத்தில் தாயும் மகளும் பேசும் காட்சியை லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அறையொன்றில் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தோம். தகரக் கூரையில் தூறல் விழுந்ததை எவரும் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டபோது, சட்டியில் கடலை வறுப்பது போன்ற இரைச்சலுக்குள் இரண்டு குரல்களும் புதைந்திருந்தன. இப்போதெல்லாம் இடம் பார்க்கப் போனால், கமெராவை எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் கண்ணை மூடி நின்று, கூரையையும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியையும் காதால் பார்த்துக்கொள்கிறேன்.