ஹொகுசாயின் அலைக்கு எண்ணெய் வண்ணம் எதற்கு? (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

புது வீட்டுக்குக் குடிபோகிறோம். ஹாலில் சோபாவுக்கு மேலே ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் 'பேரலை'யை மாட்ட ஆசை. போஸ்டர் வேண்டாம் என்று, கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தால் கையாலேயே வரைந்து தருகிறவர்களிடம் ஐந்தடி அகலத்துக்கு விலை பேசியிருக்கிறேன். என் நண்பனோ, "எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் நகல் நகல்தான், போலியை மாட்டுவதற்கு வெறும் சுவரே மேல்" என்கிறான். நகலை வீட்டில் மாட்டுவது தவறா? தண்ணீர்ப் படத்துக்கு எந்தச் சுவர் நல்லது, சட்டம் என்ன நிறம் என்பதையும் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சுவரும் திசையும் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் நேராக விழாத இடமாக இருந்தால் போதும். சட்டம் உங்கள் இஷ்டம். ஆனால் நகல் விஷயம் கொஞ்ச காலமாகவே என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது, அதனால்தான் கடிதத்தைப் பார்த்தவுடன் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உங்கள் நண்பருக்கு. நகல் என்றாலே போலி என்று ஜப்பானிய ஓவியம் தெரிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோதாட்சு என்ற ஓவியர் காற்றுக் கடவுளையும் இடிக் கடவுளையும் இரண்டு மடிப்புத் திரைகளில் வரைந்தார். கியோட்டோவின் கென்னின்ஜி கோயிலுக்குச் சொந்தமான திரைகள் அவை. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து கோரின் என்ற ஓவியர் அதை நகலெடுத்தார். இன்னொரு நூறு வருஷம் கழித்து ஹோயிட்சு என்ற ஓவியர், கோரினுடைய நகலைப் பார்த்து நகலெடுத்தார். மூன்றையும் இன்று பொத்திப் பாதுகாக்கிறார்கள். சோதாட்சுவின் இடிக் கடவுளைச் சுற்றியிருக்கும் மத்தளங்கள் திரையின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடும், கோரின் அவற்றை உள்ளே இழுத்து வைத்துவிட்டார். கோடு கோடாகப் பின்தொடர்ந்த கையே அந்த ஓர் இடத்தில் தன் முடிவை எடுக்கிறது. நகலெடுப்பது என்றால் இதுதான்.

தாகூர் 1916இல் யோகோஹாமாவில் தங்கியிருந்தபோது ஜப்பானிய ஓவியர் ஷிமோமுரா கன்ஸானின் ஓர் ஓவியத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்தார். தாகூருக்காக அதை நகல் வரைந்து கொடுத்தவர் அராய் கம்போ என்ற ஓவியர். பிறகு தாகூரின் அழைப்பில் இந்தியா வந்து, அஜந்தாவில் உட்கார்ந்து சுவரோவியங்களை நகலெடுத்தவரும் அவரே. 1940இல் ஜப்பானின் ஹோர்யூஜி கோயிலின் பொன்மண்டபச் சுவரோவியங்களை நகலெடுக்கத் தொடங்கியபோது அந்த வேலையிலும் கம்போ இருந்தார். வேலை முடிவதற்குள், 1949 ஜனவரி 26 அன்று மண்டபம் தீப்பிடித்து, ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கும் மேலான ஓவியங்கள் நிறம் போய்க் கருகிவிட்டன. அந்த நகல்களும் அதற்கு முன்பே எடுத்திருந்த புகைப்படங்களும் இல்லாவிட்டால், அந்த முகங்கள் எப்படி இருந்தன என்று இன்று யாருக்குத் தெரியும்? உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். நகல் வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை. பேரலையை எண்ணெய் வண்ணத்தில், அதுவும் ஐந்தடிக்கு வாங்குவதுதான் தப்பு. ஏன் என்று கேளுங்கள். அது மரப்பலகையிலிருந்து எடுத்த அச்சு, வண்ணம் தீட்டிய மூல ஓவியம் என்று அதற்கு ஒன்று இல்லவே இல்லை. 1831 வாக்கில், எழுபது வயதை ஒட்டி, ஹொகுசாய் மெல்லிய தாளில் கோட்டோவியம் போட்டுக் கொடுத்தார். அதைக் கவிழ்த்துச் செர்ரிப் பலகையில் ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்கினார்கள். செதுக்கி முடித்தபோது அவர் போட்ட தாளும் போயிற்று. மிஞ்சியது பலகை, அதிலிருந்து எடுத்த அச்சுகள். ஒவ்வொன்றும் சுமார் 25 செ.மீ. உயரம், 37 செ.மீ. அகலம், அவ்வளவுதான். அந்த நுரை விரல்களின் கூர்மை கத்தியின் கூர்மை. அந்த நுரையின் வெண்மை இருக்கிறதே, அது வண்ணமே இல்லை, அச்சுப் படாமல் விட்ட வெறும் தாள். நீங்கள் விலை பேசியிருக்கும் ஆள் அங்கே வெள்ளைப் பெயிண்டை அப்பப்போகிறார். காகிதம் மூச்சுவிடும் இடத்தில் பூச்சு வந்து உட்கார்ந்த பிறகு அங்கே என்ன அலை மிஞ்சும்? கையால் செய்தது என்று சொன்னவுடன் மயங்கிவிடுகிறீர்கள். எந்தக் கை, எந்தக் கருவியோடு, எந்த வழியில் போன கை என்று கேட்க வேண்டாமா?

டோக்கியோவில் ஓர் அச்சுக்காரர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஈரம் ஏற்றிய தாள். பலகையில் நீலத்தையும் துளி அரிசிப் பசையையும் வைத்துத் தூரிகையால் தேய்த்துப் பரப்பினார். மூலையில் வெட்டிய சிறு பள்ளத்தில் தாளின் முனையைப் பொருத்தி, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தட்டால் முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினார். தாளை உரித்தெடுத்துத் திருப்பிக் காட்டியபோது நீலம் முதுகுப் பக்கத்திலும் கசிந்திருந்தது. அந்த நிறம் தாளுக்கு மேலே இல்லை, தாளுக்குள் இருக்கிறது. அப்புறம் எந்தக் கான்வாஸ் அலையைப் பார்த்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வான்கோ 1887இல் ஹிரோஷிகே என்ற ஜப்பானியரின் அச்சுகளை எண்ணெய் வண்ணத்தில் வரையவில்லையா என்று கேட்பீர்கள். வரைந்தார். தான் கற்றுக்கொள்வதற்காக வரைந்தார், ஓரங்களில் வேறு அச்சுகளிலிருந்து எழுத்துகளை எடுத்துத் தானாகச் சேர்த்துக்கொண்டார், அதனால் அவை வான்கோவின் ஓவியங்கள் ஆகிவிட்டன. உங்கள் சோபாவுக்கு மேலே வரப்போவது அது இல்லை.

பேரலைதான் வேண்டும் என்றால், டோக்கியோவின் அடாச்சி போன்ற பட்டறைகளில் இன்றும் பலகையை மறுபடி செதுக்கிக் கையால் அச்சிடுகிறார்கள், அதை வாங்குங்கள். சின்னதுதான். சோபாவுக்கு மேலே வேண்டாம், நின்று கிட்டே போய்ப் பார்க்கிற மாதிரி கண் உயரத்தில் மாட்டுங்கள். ஐந்தடிதான் வேண்டும் என்றால், பெரிதாகவே பிறந்த ஓவியம் ஒன்றைக் கேளுங்கள். டோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் இருக்கும் கோரினின் ஐரிஸ் பூத் திரைகளில் ஒரு பகுதி போதும்: தங்கத்தகட்டின் மேல் அசுரைட் என்ற நீலத் தாதுவையும் மலாக்கைட் என்ற பச்சைத் தாதுவையும் அரைத்துப் பசையில் குழைத்த நிறங்கள். அதே கனிம நிறத்தில் வரையத் தெரிந்தவர் கிடைத்தால் கடன் வாங்கியாவது வரையச் சொல்லலாம். இரண்டுக்கும் கையில் பணம் இல்லையா, நல்ல அச்சுப் பிரதி ஒன்றை மாட்டுங்கள், நான் அதைக் குறைவாக நினைக்கவே மாட்டேன்.

முன்பணம் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, இன்றைக்கே கூப்பிட்டு அலை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.